கட்டம்தான் சின்னது

"எங்க பேரு நீளம் இல்ல. ஒங்க கட்டந்தான் சின்னது."

கம்ப்யூட்டர் விற்க வந்த இளைஞனிடம் அந்த அக்கா இப்படிச் சொன்னபோது நாங்கள் ஆறு பேர் புதுப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் தீவின் ஜெலுத்தோங் பகுதியில், கடலோரமாக ஒரு தையல் தொழிற்சாலை. அறுநூறு பேர் அங்கே சட்டை தைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். நான் பணியாளர் பிரிவில் துணை அதிகாரி. அவர் அதே பிரிவில் கிளார்க். என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

பர்மா ரோடு கடையிலிருந்து வந்த அந்தப் பையன் தமிழன்தான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் காட்டி, "ஒரு பேரு சொல்லுங்கக்கா, அடிச்சுக் காட்றேன்" என்றான். அக்கா ஒரு தையல்காரப் பெண்ணின் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். பையன் அடித்தான். பக்கத்துக் கட்டத்தில் வேலை நம்பரைப் போட்டதும் பெயர் ஒன்பது எழுத்தோடு நின்றுவிட்டது.

"நம்ம ஆளுங்க பேரு ரொம்ப நீளங்கா. இனிஷியல் போட்டா போதும்லா" என்று சிரித்தான்.

அதற்குத்தான் அந்தப் பதில். சொல்லிவிட்டு, "இதப் பெருசாக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு தம்பி" என்றார். பையன் சிரிப்பை விட்டுவிட்டு, கட்டத்தை அகலமாக்கும் வழியைக் காட்டினான். அக்கா அதைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பாதிப் பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. முழுப் பெயரும் போட அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

அந்தப் பெட்டி எங்களைப் படுத்திய பாட்டை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புது அடையாள அட்டை நம்பர், நாங்கள் ஐசி நம்பர் என்போம், வந்த சமயம் அது. ஆறு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம், இன்னொரு கோடு, கடைசியில் நான்கு இலக்கம். அதை அப்படியே அடித்து என்டர் தட்டினால், கம்ப்யூட்டர் கோட்டைக் கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். வீட்டு முகவரியும் அப்படித்தான். அடுக்குமாடியில் பன்னிரண்டு-மூன்று-ஏழு என்ற வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கம்பெனி அனுப்பிய கடிதம் இரண்டாம் நம்பர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்றும் ஏழும் போனால் இரண்டு. எண்ணில் தொடங்கித் தெருப்பெயர் வரும் முகவரி என்றால் பெட்டி பீப் என்று கத்தும், உள்ளேயே விடாது.

நாங்கள் எல்லாரும் அந்தப் பையனுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தோம். அக்கா போன் பண்ணவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் காலியான பிறகு, விசைப்பலகையில் இருந்த ஒவ்வொரு குறியையும் முதலில் தட்டிவிட்டுப் பின்னால் ஐசி நம்பரை அடித்துப் பார்த்திருக்கிறார். மேலே தொங்குகிற ஒற்றைக் கோமாவைப் போட்டபோது நம்பர் கோட்டோடு அப்படியே நின்றது.

திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மொதல்ல இந்தக் கோமா, சார். அதப் போட்டா இது வாய மூடிக்கிட்டு நாம சொன்னத எழுதுது. போடலன்னா கணக்குப் பண்ண ஆரம்பிச்சிடுது."

அதன்பிறகு ஆபீஸில் யாருக்குக் கட்டத்தில் எது நடந்தாலும் "அக்கா" என்ற குரல்தான் கேட்கும். நானே ஒருமுறை ஒரு பெயரில் விட்டுப்போன ஒற்றை எழுத்தைச் சேர்க்கப் போய், அந்த எழுத்தைத் தட்டியதும் பெயர் முழுக்கப் போய்விட்டதாக நினைத்துப் பதறினேன். அவர் தன் நாற்காலியிலிருந்து எழாமலே, "என்டர் தட்டாதீங்க. எஸ்கேப் தட்டுங்க. பழசு இன்னும் உள்ளதான் இருக்கு" என்றார். தட்டினேன். இருந்தது. "திருத்தணும்னா எஃப்-டூ. சும்மா மேல அடிச்சா புதுசா எழுதறேன்னு நெனச்சுக்கும்."

இதையெல்லாம் கேட்டு அவர் எல்லாருக்கும் பிடித்தவராக இருந்தார் என்று நினைக்கக் கூடாது. இல்லை. அவரோடு வேலை செய்வது கஷ்டம். ஒரு பெயரில் ஒரு எழுத்து சந்தேகம் என்றால் தையல் வரிசைக்கே நடந்து போவார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண்ணின் ஐசியை வாங்கிப் பார்த்துவிட்டு வருவார். புதிதாகச் சேர்ந்த ஒரு கிளார்க் அப்பா பெயர்களை எல்லாம் முதலெழுத்தாகச் சுருக்கி முந்நூறு பேரை அடித்து முடித்திருந்தாள். அக்கா அத்தனையையும் மறுபடி அடிக்க வைத்தார். அந்தப் பெண் கழிவறையில் போய் அழுதாள். "அழுதுட்டு வந்து அடி" என்றார் அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரோடு உட்கார யாரும் ஆசைப்பட்டதில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நாளிதழ் படிப்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் யாராவது அவர் பெயரைச் சிதைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"சரியா எழுதறதுக்கு ஒரு காரணம் வேற வேணுமா?" என்றார்.

எனக்கு அது சுருக்கென்றது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாகக் குமாஸ்தா வேலை. ஒழுங்காக எழுதுவது எங்கள் வீட்டுச் சொத்து என்று எனக்குள் ஒரு நினைப்பு உண்டு. அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இதே தொழிற்சாலையில் காலர் தைக்கும் வரிசையில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் டைப்பிங் படித்து ஆபீஸுக்கு ஏறி வந்தவர்.

தங்கையின் கல்யாணத்துக்கு அவர் அடித்த பத்திரிகையை நான் பார்த்திருக்கிறேன். லெபோ பாசார் கடைத்தெருவில் ஒரு அச்சகம். இறந்துபோன அம்மாவின் பெயரை இடமில்லை என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். திரும்ப அடிக்க நாளில்லை. அக்கா எல்லாப் பத்திரிகையிலும் அம்மாவின் பெயரைத் தன் கையால் எழுதினார். எனக்கு வந்ததில் மை கொஞ்சம் கலைந்திருந்தது. அந்தக் கல்யாணத்துக்காக அவர் சேர்த்து வைத்திருந்த லீவைப் போட்டு மூன்று வாரம் போனார். அந்த மூன்று வாரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பஞ்சுத் தூசி பறக்கிற இடம் என்பதால் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஒரு வண்டி வர இருந்தது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அக்கா ஏற்கெனவே ஒன்று அடித்து வைத்திருந்தார். முழுப் பெயர், அப்பா பெயர், ஐசி நம்பர். அகலத் தாளில், பொடி எழுத்தில், கட்டுக் கட்டாக. மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு எதற்கு, சின்னத் தாளில் அடங்குகிற மாதிரி கொடுங்கள் என்றார். முன்பு ஒருமுறை அவர் இதையே சொன்னபோது அக்கா மாட்டேன் என்றிருந்தார். இப்போது அக்கா இல்லை. நான் இருந்தேன்.

அரை மணி நேர வேலை. பெயர்ப் பத்தியை இருபது எழுத்துக்குக் குறுக்கினேன். ஐசி நம்பர் பத்திக்கு இடமில்லை. அதை நீக்கிவிட்டு வரிசை எண் போட்டேன். வேலை தெரிந்தவன் என்று மேனேஜர் என் தோளில் தட்டினார்.

எங்களிடம் இரண்டு விஜயலெட்சுமிகள் இருந்தார்கள். ஒருத்தி சுப்பையாவின் மகள். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம். இருபது வயது. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இன்னொருத்தி சுப்பிரமணியத்தின் மகள். ஊர் கெப்பாலா பத்தாஸ். தொழிற்சாலை விடுதியில் ஏழு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். விஜயலெட்சுமி என்று எங்கள் ஊர் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதப் பதினாலு எழுத்து வேண்டும். மகள் என்பதைக் காட்டும் 'ஏ/பி'யும் இடைவெளிகளும் போக அப்பாவுக்கு மிஞ்சியது ஒரே எழுத்து. இருவருக்கும் அது எஸ்.

பட்டியலில் மேலும் கீழுமாக ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது. நான் கவனிக்கவில்லை. முடிவு வந்தபோது என் பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு விஜயலெட்சுமிக்கு ஒன்றுமில்லை. ஒரு விஜயலெட்சுமியின் நுரையீரலில் புள்ளிகள், உடனே அழைத்து வரவும். நான் மேல் வரியில் அந்தப் பெயரைக் கண்டதோடு நின்று, அந்த வரிக்குரியவளைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். சுப்பையாவின் மகள். அவளுக்கு இருமல்கூடக் கிடையாது. அவளும் அதே விடுதியில், வேறு அறையில் இருந்தவள். விஷயம் பரவி, அவளை அன்றைக்கே துணிமணியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வீட்டார் கூட்டிப்போவார்கள் என்று நாங்கள் இருந்துவிட்டோம். காசநோய், டிபி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டார் பயந்துபோய் அவளைப் பின்கட்டு அறையில் தனியாக வைத்துவிட்டார்கள். அண்ணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வருவது நின்றது.

அக்கா லீவு முடிந்து வந்தார். காலர் வரிசையில் ஒரு மெஷின் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள எங்க?" என்று கேட்டார். சொன்னேன். பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். அவர் விரல் தாளில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"இது யாரு அடிச்சது?"

"நாந்தான்" என்றேன்.

அவர் தாளை மடக்கி வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, படத்தின் மேலே ஐசி நம்பர் எழுதியிருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். வண்டிக்காரர்கள் ஆளின் அட்டையைப் பார்த்துப் படத்தில் எழுதியிருந்தார்கள். நல்லவேளை. போனை வைத்துவிட்டு நேராகத் தையல் பகுதிக்குப் போனார். சுப்பிரமணியத்தின் மகளை மெஷினிலிருந்து எழுப்பி, சூப்பர்வைசர் கத்தக் கத்தக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே போய் டாக்சி பிடித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பெண் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி வேலைக்குத் திரும்பினாள். கூட இருந்த ஏழு பேரையும் சோதித்தார்கள். ஒருத்திக்கு மட்டும் தொற்றியிருந்தது. அவளும் பிழைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தன்னந்தனியாக ஃபெரி ஏறி, பஸ் மாறி சுங்கை பாக்காப் போய் அந்த வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். கம்பெனி போகச் சொல்லவில்லை. அதற்குள் பெண்ணின் அண்ணன் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதியிருந்தார். இது எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன். மேனேஜர் சீனர். அக்காவோடு மலாயில்தான் பேசுவார். மேசையில் ஒரு தாள் இருந்தது. 'பெயர்களைப் பதிவு செய்யும்போது என் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கீழே அக்காவின் பெயர்.

அக்கா அதை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இத நான் செய்யல" என்றார்.

"ஒன்றும் ஆகாது. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கிளார்க் தவறு என்றால் அவர்கள் விட்டுவிடுவார்கள். அதிகாரி என்றால் பெரிதாகும்" என்றார் மேனேஜர்.

"ஃபார்மாலிட்டின்னா நீங்களே சைன் வைங்க."

"நீ ரொம்பக் காலம் இங்கே இருக்கிறாய். யோசி."

"ரொம்பக் காலம் இருக்கேன். அந்தக் காலம் முழுக்க ஒரு பேரக்கூட நான் வெட்டல. இப்ப வெட்டுனேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள், எனக்குப் பதவி உயர்வு வர இருந்தது, நான் மேசை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அவரே எழுதியது. 'பட்டியல் அடித்த நாளில் நான் லீவில் இருந்தேன், லீவு பாரத்தின் நகல் இதோ.' அவ்வளவுதான் அதில் இருந்தது. என் பெயர் இல்லை.

"இலாகா கேட்டா இதக் குடுப்பேன். அப்புறம், அந்தப் புள்ளைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போவணும். முழுப் பேரு, அப்பா பேரு, எல்லாம் போட்டு" என்றார்.

"நீ சொல்லி நான் செய்ய வேண்டுமா?"

"நான் சொல்லாமலே செஞ்சிருக்கணும், பாஸ்."

கடிதம் போனது. இலாகாவுக்கு 'அலுவலகத் தவறு' என்று யாருடைய பெயரும் இல்லாமல் பதில் எழுதினார்கள். அடுத்த மாதம் அக்காவை புக்கிட் தெங்காவில் இருந்த கம்பெனி கிடங்குக்கு மாற்றினார்கள். தினமும் ஃபெரியில் கடலைத் தாண்டி, அப்புறம் பஸ். விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தார். பிறகு தங்கையோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அக்கா மாற்றலாகிப் போய் ஆறு மாதம் கழித்து ஒருநாள் நான் கிடங்குக்குப் போனேன். தகரக் கூரைக்கடியில், துணி உருளைகளுக்கு நடுவில் ஒரு மேசை. கம்ப்யூட்டர் கிடையாது. லாரி டிரைவர் ஒருவரிடம் ரசீதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இதென்ன கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரி? ஒங்க பேரத்தான எழுதறீங்க? படிக்கிற மாதிரி எழுதுங்கண்ணே." டிரைவர் முனகிக்கொண்டே மறுபடி எழுதினார்.

அவர் போனபிறகு, "அக்கா, நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றார்.

நான் இன்னும் ஏதோ சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்ட ஏன் தம்பி சொல்றீங்க? எனக்கா டிபின்னு லெட்டர் குடுத்தீங்க?" சொல்லிவிட்டு அடுத்த லாரியின் தாளை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நான்காவது ஞாயிறு சுங்கை பாக்காப்புக்குப் போனேன். தோட்டத்து வீடு. அப்பா சுப்பையா நாற்காலி போட்டார். அண்ணன் கதவோரம் கைகட்டி நின்றார். அந்தக் கைக்குழந்தை இப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. விஜயலெட்சுமி புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். கல்யாணம் தள்ளிப்போய், மறுபடி நாள் குறித்திருந்தார்கள்.

"அந்த லிஸ்ட் அடிச்சது நாந்தான். ஒன் பேரப் பாதியில வெட்டுனதும் நான். லெட்டரக் கையில குடுத்ததும் நான். நம்பரப் பார்த்திருந்தா போதும், பார்க்கல. அத இத்தன நாள் யாருகிட்டயும் சொல்லல" என்றேன்.

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். விஜயலெட்சுமி உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"லிஸ்ட் அடிச்சவரு ஒரு நாள் நேர்ல வருவாருன்னு அந்த அக்கா அப்பவே சொன்னாங்க, சார்" என்றாள். "பேரு மட்டும் சொல்லல. அண்ணன் கிலாங்குக்கே, ஃபேக்டரி வாசலுக்கே வந்து கேக்கறேன்னு நின்னாரு. வேணாம், அவரே வரணும்னு சொல்லித் தடுத்துட்டாங்க."

"நான் வருவேன்னு சொன்னாங்களா?"

"ஆமா. எப்போ வருவாருன்னு அண்ணன் கேட்டதுக்கு, கொஞ்சம் லேட்டாவும், பயந்த ஆளு, வரலன்னா நானே இழுத்துட்டு வந்து நிறுத்தறேன்னாங்க." அவள் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "எட்டு மாசம் ஆயிடுச்சி, சார். டீயக் குடிங்க."